ஆச்சி பிடிச்ச எழுபது கேக் பாப்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். டிசம்பர் வந்தாச்சு, எல்லா ஊர் குடியிருப்பிலயும் கிறிஸ்துமஸ் பார்ட்டி, வருஷக் கடைசி பார்ட்டின்னு ஏதோ ஒண்ணு இருக்கும். "நீங்க என்ன கொண்டு வர்றீங்க?"ன்னு ஒரு லிஸ்ட் சுத்திக்கிட்டிருக்கும். பேர் எழுதிட்டு முழிக்கிற தாய்க்குலத்துக்கும், தங்கமணி எழுதிவிட்டதால முழிக்கிற ரங்கமணிகளுக்கும் இந்தப் பதிவு சமர்ப்பணம் :-)

விஷயம் கேக் பாப். குச்சியில குத்தின கேக் உருண்டை, மேல சாக்லேட் உறை. கடையில பார்த்தா கண்ணாடிக் கோலி மாதிரி வழவழன்னு இருக்கும். வீட்டுல செஞ்சா பெரும்பாலும் பலாப்பழத் தோல் மாதிரி வரும். அந்த வழவழப்பு எங்கேருந்து வருதுங்கறதுதான் இங்கே பேசப்போறது.

முதல்ல ஒரு குட்டி வரலாறு. 2008 வாக்குல ஆஞ்சி டட்லிங்கற அமெரிக்க அம்மணி, பேக்கரெல்லாங்கற பேர்ல நெட்டுல எழுதிக்கிட்டிருந்தவங்க, கேக்கை உதிர்த்து உருட்டிக் குச்சியில சொருகி ஊரையே மயக்கினாங்க. 2010ல அதைப் புத்தகமாவும் போட்டாங்க. 2011ல ஸ்டார்பக்ஸ் தன்னோட அமெரிக்கக் கடைகள்ல இதை விக்க ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் இது உலகம் பூரா போயிடுச்சு. பார்க்கப் புதுசா இருந்தாலும் உள்ளே நடக்கறது நமக்குப் பழசு. உதிர்த்த பண்டம், அதை ஒட்டவைக்க ஒரு கொழுப்பு, கையில ஒரு பிடி. அதாவது லட்டு. குச்சி மட்டும்தான் வெளிநாடு.

நாங்க இருக்கறது புனேல. 2024 டிசம்பர் 24ம் தேதி எங்க குடியிருப்புல குழந்தைகளுக்குப் பார்ட்டி. லிஸ்ட்ல 58 வாண்டுங்க. இனிப்பு என் பேர்ல. கேக் வாங்கி வெட்டிக் கொடுத்துடலாமேன்னு ரங்கமணி சொன்னார். அதுல ஒரு சிக்கல். எங்க வளாகத்துல குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் நிறைய. அதுல பாதி சமண வீடுகள். முதல் வருஷப் பார்ட்டியில கேக் வெட்டினப்ப, என் பொண்ணோட தோழி ஒருத்தி, ஏழு வயசு இருக்கும், தட்டைக் கையில வெச்சுக்கிட்டு "இஸ்மே அண்டா ஹை க்யா?"ன்னு கேட்டுட்டு, ஆமான்னதும் தட்டை மேசையில வெச்சிட்டு ஓரமாப் போய் நின்னா. அழலை, அடம் பிடிக்கலை. பழக்கப்பட்ட குழந்தை. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதனால இந்தத் தடவை முட்டையே இல்லாம, யாரும் எதுவும் கேக்காம கை நீட்டி எடுக்கற மாதிரி ஒண்ணு செய்யணும்னு முடிவு பண்ணினேன்.

இதை அம்மாகிட்ட சொன்னப்ப அவங்க கேட்ட கேள்வி: "அம்பத்தெட்டுப் பிள்ளையளுக்கு அண்டாவா? அவ்வளவு பெரிசு எதுக்குட்டி?" :-)

அம்மாவைப் பத்தி இங்கே சொல்லித்தான் ஆகணும், ஏன்னா இந்தச் சமையல் குறிப்புல பாதி அவங்களோடது. எங்க ஊர் கோவில்பட்டி. கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு வாங்கின ஊர். அப்பா 2024 மார்ச்ல தவறிட்டார். ஆகஸ்ட்ல அம்மாவை வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தேன். ஒன்பதாவது மாடி. ஹிந்தி தெரியாது, மராத்தி தெரியாது. காலையில நாங்க மூணு பேரும் கிளம்பிட்டா சாயங்காலம் வரைக்கும் பால்கனி நாற்காலிதான். லிஃப்ட்ல யாராவது சிரிச்சா இவங்களும் சிரிப்பாங்க. அதுக்கு மேல பேச்சு இல்லை. வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த வாக்கியம் வரும்: "பொண்ணு வீட்டுல எத்தன நாளும்மா உக்காந்து சாப்பிட?" சாப்பிட்ட தட்டை நான் கழுவ விடமாட்டாங்க. அவங்க தைலம், அவங்க வெத்தலை எல்லாம் அவங்க காசுலதான் வாங்கணும். ஜனவரி 3ம் தேதிக்கு நாகர்கோவில் ரயில்ல டிக்கெட் போட்டு வெச்சிருந்தாங்க. போட்டது நான்தான், ஆனா அவங்க மூணு நாள் விடாம கேட்டு.

சரி, சமையலுக்கு வருவோம்.

எழுபது உருண்டைக்குக் கணக்கு. 58 பிள்ளைங்க, உடையறது, விழறது, தம்பிக்கு ஒண்ணுன்னு வர்றது எல்லாம் சேர்த்து 70. ஒரு உருண்டை 25 கிராம். அதாவது ஒண்ணேமுக்கால் கிலோ கலவை வேணும்.

கேக் ரெண்டு தடவை சுட்டேன். ஒரு தடவைக்கு மைதா 200 கிராம், கோகோ 25 கிராம், மில்க்மெய்ட் 400 கிராம், வெண்ணெய் 100 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன், கெட்டி பார்த்து ஊத்தறதுக்கு சோடாத் தண்ணி 150லேருந்து 200 மில்லி. 180 டிகிரியில முப்பதிலிருந்து முப்பத்தஞ்சு நிமிஷம். முட்டையில்லா கேக் சுடற எல்லா வீட்டுக்கும் தெரிஞ்ச அளவுதான். இதுக்குன்னு பஞ்சு மாதிரி உப்பற கேக் தேவையில்லை. எப்படியும் உதிர்க்கத்தான் போறோம்.

கேக்கை முந்தின நாளே சுட்டு வெச்சிடுங்க. சூடா உதிர்த்தா வெண்ணெய் இளகி, தூள் வராம களி வரும். ஆறின கேக்கோட மேல்தோல், ஓரம், அடி, இந்தப் பழுப்பான பகுதியை எல்லாம் சீவி எடுத்துடணும். வழவழப்போட முதல் எதிரி இதுதான். அந்தக் காய்ஞ்ச துண்டு உள்ளே கிடந்தா, எவ்வளவு சாக்லேட் ஊத்தினாலும் மேல கொப்புளம் மாதிரி தெரியும். சீவினது வீணாகாது. ஜூனியரும் ரங்கமணியும் கடாசிட்டாங்க. வாய்க்குள்ளதான்!

மிச்சத்தை நான் மிக்ஸியில விட்டு விட்டு ஓட்டலாம்னு எடுத்தேன். அம்மா விடலை. ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு, புட்டுமாவு தேய்க்கற மாதிரி தேய்ச்சு, ரவைச் சல்லடையில சலிச்சாங்க. தங்கின கட்டியை மறுபடி தேய்ச்சு மறுபடி சல்லடை. ஒரு கிலோ கேக் சலிக்க அரை மணி ஆச்சு. ஆனா கிடைச்ச தூளைப் பார்த்தா கடலைமாவு மாதிரி ஒரே சீரா இருந்தது. மிக்ஸியிலயும் செய்யலாம், ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தித்தான் செய்யணும். தொடர்ந்து ஓட்டினா பிசுபிசுன்னு ஆயிடும்.

அடுத்து ஒட்டவைக்கிற கிரீம். வெண்ணெய் 120 கிராம், ஐசிங் சர்க்கரை 180 கிராம் நல்லாக் குழைச்சது. அதை அப்படியே மொத்தமாக் கொட்டிடக்கூடாது. மில்க்மெய்ட் கேக் ஏற்கெனவே ஈரமானது. பாதியைப் போட்டுப் பிசைஞ்சு பார்த்து, அப்புறம் ஒவ்வொரு ஸ்பூனா. எப்போ நிறுத்தறது? குறிப்புகள்ல "களிமண் பதம்"னு போட்டிருப்பாங்க. அம்மா வழக்கு வேற: "பிடிச்சா நிக்கணும், விட்டா கையில ஒட்டக்கூடாது. மாலாடுக்கு நெய் ஊத்துற மாதிரிதாம்ட்டி. மாவு கேக்கும், அதுக்கு மேல ஊத்தாத." கிரீம் கூடினா உருண்டை கனத்துக் குச்சியிலேருந்து வழுக்கி இறங்கும், எண்ணெய் கசியும், தின்னா திகட்டும். குறைஞ்சா விரிசல் விடும். எங்களுக்கு முக்கால்வாசி கிரீம்தான் செலவாச்சு.

இப்போ உருட்டறது. இங்கேதான் நான் ஓரமா நின்னு பார்த்தேன்.

நான் தொழில்ல சாஃப்ட்வேர் டெஸ்டர். எதையும் அளந்து பார்க்கற வியாதி உண்டு. தராசு, 25 கிராம், ஒவ்வொண்ணா எடை போட்டு வெச்சுக்கிட்டு இருந்தேன். அம்மா அந்தப் பக்கம் உக்காந்து கையால எடுத்து எடுத்துப் பிடிச்சுக்கிட்டே போனாங்க. சும்மா பத்து உருண்டையை எடுத்து எடை போட்டேன். 24, 25, 25, 26, 25... எல்லாம் ஒரு கிராம் வித்தியாசத்துக்குள்ள! நாப்பது வருஷம் தீபாவளிக்கு மாலாடும் ரவா லட்டும் பிடிச்ச கை. நான் தராசை மடிச்சு வெச்சிட்டேன்.

அவங்க பிடிக்கிற முறையைக் கவனிச்சு எழுதி வெச்சிருக்கேன், படிச்சுக்கோங்க. மாவை எடுத்ததும் உருட்ட மாட்டாங்க. விரலால மூணு அமுக்கு, நல்ல அழுத்தமா. உள்ளே இருக்கற காத்து வெளியே போகணும். அதுக்கப்புறம்தான் உள்ளங்கையில உருட்டறது, அதுவும் அழுத்தமே இல்லாம, ஒரு கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. முதல்லயே உருட்டினா மேல வழவழன்னு தெரியும், உள்ளே பொந்து இருக்கும். குச்சி குத்தும்போது அந்தப் பொந்து வாய் திறக்கும். கை எப்பவும் காய்ஞ்சு இருக்கணும். பத்து உருண்டைக்கு ஒரு தடவை கையைத் துணியில துடைச்சுக்கிட்டாங்க.

இன்னொரு சூட்சுமம் ரெண்டாவது உருட்டல். தட்டுல வெச்சு அரைமணி ஃபிரிட்ஜ்ல வெச்சா அடிப்பக்கம் சப்பையாகும். வெளியே எடுத்து, கெட்டியா இருக்கும்போதே இன்னொரு சுத்து உருட்டினா அந்தச் சப்பையும், சின்னச் சின்ன மயிரிழை விரிசலும் மறைஞ்சிடும். நான் பார்த்த எந்தக் குறிப்பிலும் இது இல்லை. அம்மா கேட்டது ஒரே கேள்வி: "இப்பிடிச் சப்பையாவா குடுக்கப் போற?"

அப்புறம் ரெண்டு மணி நேரம் ஃபிரிட்ஜ்ல. உறைபெட்டி இல்லை, சாதாரணக் குளிர் போதும்.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, டெஸ்டர் புத்தி, முதல் நாள் ராத்திரியே 16 உருண்டையைத் தனியா எடுத்து நாலு நாலா சோதனை பண்ணிட்டேன். ராத்திரி பூரா உறைபெட்டியில கிடந்து கல்லான நாலு: சாக்லேட் தொட்டதும் இறுகிடுச்சு, தடியா, அலை அலையா. பத்து நிமிஷத்துல கோடு கோடா விரிசல். ஒண்ணுல உள்ளே இருந்த கேக் புழு மாதிரி வெளியே பிதுங்கிடுச்சு. காரணம் எளிசு. உறைஞ்ச உருண்டை அறைச் சூட்டுக்கு வர வர விரியும், மேல உறை இறுகி சுருங்கும். ரெண்டும் எதிரெதிர்ப் பக்கம் இழுத்தா நடுவுல கிழியத்தான் செய்யும். குளிர வைக்காத நாலு: சாக்லேட்டுக்குள்ளேயே குச்சியை விட்டு இறங்கிடுச்சு. ஃபிரிட்ஜ்ல வெச்சது, ஆனா சாக்லேட் கொதிக்கக் கொதிக்க இருந்தது, அந்த நாலு: உறை மெல்லிசா வழிஞ்சு, குச்சியைச் சுத்தி இளகி ஆடுச்சு. ஃபிரிட்ஜ்ல ரெண்டு மணி இருந்து, வெளியே அஞ்சு நிமிஷம் வெச்சு, வெதுவெதுப்பான சாக்லேட்ல முக்கின நாலு மட்டும் கோலிக்குண்டு. சோதனைப் பொருள் பதினாறும் காலையில காணோம். குற்றவாளி யாருன்னு சொல்லி குடும்பத்துல குழப்பம் பண்ண விரும்பலை.

சாக்லேட்டுக்கு வருவோம். கடையில ரெண்டு வகை இருக்கு. கோகோ வெண்ணெய் உள்ள நிஜ சாக்லேட், கோகோ வெண்ணெய்க்குப் பதிலா வேற தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட். ருசியில முதலாவதுதான் ராஜா. ஆனா அதை உருக்கி ஆத்தி மறுபடி சூடாக்கணும். டார்க் சாக்லேட்டுன்னா 45 டிகிரிக்கு மேல உருக்கி, 27, 28க்கு இறக்கி, திரும்ப 31, 32க்கு ஏத்தணும். இல்லேன்னா பளபளப்பு வராது, வெள்ளை வெள்ளையா பூக்கும். எழுபது உருண்டை, சுத்தி பத்து வாண்டு, இந்த நிலையில அதெல்லாம் நடக்கற காரியமா? காம்பவுண்டுக்கு இந்த வேலை கிடையாது. உருக்கினா போதும், தானா இறுகும். ரவிவார் பேட்டைப் பக்கம் கேக் சாமான் கடையில டார்க் அரைக் கிலோ, வெள்ளை அரைக் கிலோ பாளமா வாங்கினேன்.

உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணி கூடாது. ஆவி கூட படக்கூடாது. தண்ணி பட்டா சர்க்கரை அதுல ஒட்டிக்கிட்டு மொத்தமும் மணல் மாதிரி திரிஞ்சிடும். அதே காரணத்தால சாதாரணத் தண்ணிக் கலரையும் ஊத்தக்கூடாது. சாக்லேட்டுக்குன்னே எண்ணெயில கரையற கலர் விக்குது, அதுதான் சரி. கெட்டியா இருந்தா பாலோ தண்ணியோ விடாம, மணமில்லாத எண்ணெய் அரைக் கிலோவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன். குச்சியில ஒட்டினது நூல் மாதிரி தடங்கலில்லாம வழியணும், அதான் பதம். சூடு பார்க்க ஒரு சொட்டைக் கீழுதட்டுல வெச்சுப் பாருங்க. லேசா வெதுவெதுன்னு இருந்தா சரி, சுட்டா ஆற விடுங்க. மானி இருந்தா 40 டிகிரி பக்கம்.

பாத்திரம் எது? குறிப்புகள்ல உயரமான கண்ணாடி டம்ளர் போடுவாங்க, அதை அடிக்கடி சூடு பண்றது கஷ்டம். நம்ம வீட்டுல இதுக்குன்னே செஞ்ச மாதிரி ஒண்ணு இருக்கு. எவர்சில்வர் டபரா டம்ளர்! டபராவுல சுடுதண்ணி, நடுவுல டம்ளர்ல உருகின சாக்லேட். காபி ஆறாம இருக்கறதுக்குப் பதிலா சாக்லேட் இறுகாம இருக்கும். டம்ளர் ஒடுங்கி ஆழமா இருக்கறதால கொஞ்சம் சாக்லேட்லயே உருண்டை முழுசா முங்கும். டபராத் தண்ணி தளும்பாம அரை அளவுக்கு மட்டும் ஊத்துங்க.

குச்சி நுனியை முதல்ல ஒரு சென்டிமீட்டர் சாக்லேட்ல தொட்டு, உருண்டையில பாதி தூரம் வரைக்கும் சொருகணும். அது இறுகினா பசை போட்ட மாதிரி பிடிச்சுக்கும். பத்து நிமிஷம் கழிச்சு முக்குங்க. நேரா உள்ளே, நேரா வெளியே, ஒரே தடவை. உள்ளே விட்டுக் கலக்கினா உருண்டை கழண்டுக்கும், கேக் தூளும் சாக்லேட்ல கலந்து அடுத்த உருண்டை சொரசொரப்பாகும். வெளியே எடுத்ததும் லேசா சாய்ச்சு, குச்சியை மெதுவா சுத்திக்கிட்டே, குச்சி பிடிச்ச கையோட மணிக்கட்டை இன்னொரு கையால தட்டணும். டம்ளர் விளிம்புல குச்சியைத் தட்டக்கூடாது, உறை கீறும். கூடுதல் சாக்லேட் எல்லாம் சொட்டி முடியற வரைக்கும், ஒரு இருபது இருபத்தஞ்சு தட்டு. பொறுமை இல்லாம அப்படியே நிறுத்தி வெச்சா குச்சியைச் சுத்திக் கீழே கண்ணாடி வளையல் மாதிரி தேங்கி நிக்கும்.

குச்சி, தாங்கி பத்தி ஒரு சட்ட விஷயம். 2022 ஜூலை 1லேருந்து நாடு முழுக்கத் தடையான ஒருமுறைப் பிளாஸ்டிக் பட்டியல்ல மிட்டாய்க் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, அலங்காரத் தெர்மோகோல் மூணும் இருக்கு. அதனால காகிதக் குச்சி வாங்குங்க. கடைக்காரங்களே இப்போ அதுதான் தர்றாங்க. குத்தி நிறுத்தறதுக்கு நாங்க ஷூ அட்டைப்பெட்டியைக் கவுத்து, ஸ்க்ரூ டிரைவரால ஓட்டை போட்டோம். இது ரங்கமணி டிபார்ட்மென்ட். இடம் பத்தாம போனப்ப அம்மா கோதுமை டப்பாவை நீட்டினாங்க. ஆழமாக் குத்தினா தானியமும் நல்லாத் தாங்கும்.

அடுத்து அலங்காரம். மேல தூவற எதுவா இருந்தாலும் உறை ஈரமா இருக்கற அரை நிமிஷத்துக்குள்ள தூவணும். இந்த வண்ண மணி, சர்க்கரை முத்து எல்லாம் வாங்கும்போது பச்சைப் புள்ளி இருக்கான்னு பாருங்க. சிலதுல ஜெலட்டின் இருக்கும். நம்ம நாட்டு லேபிள் விதிப்படி முட்டை இருந்தாலும் அசைவக் குறிதான் போடணும், அதனால பச்சைப் புள்ளி ஒண்ணே நமக்குப் போதும்.

வெள்ளை உருண்டை பனிமனுஷன். டார்க் சாக்லேட்டைப் பல்குச்சியில தொட்டு ரெண்டு கண்ணு, ஆரஞ்சு ஜெம்ஸைப் பாதியா உடைச்சு மூக்கு. பழுப்பு உருண்டை கலைமான். சிவப்பு ஜெம்ஸ் மூக்கு. கொம்புக்கு எல்லாரும் பிரெட்ஸெல்னு ஒரு உப்பு பிஸ்கட்டை உடைச்சு வெப்பாங்க. எங்க ஏரியாவுல அது கிடைக்கலை. ஜூனியர் முகம் தொங்கிப்போச்சு. அம்மா எதுவும் பேசாம எழுந்து போய் முறுக்கு டின்னை எடுத்துட்டு வந்தாங்க. கைமுறுக்கை உடைச்சா வளைஞ்சு, முள்ளு முள்ளா, ஒவ்வொரு துண்டும் அசல் மான்கொம்பு! அரிசிமாவு, உளுந்து, வெண்ணெய், சீரகம். வெங்காயம் பூண்டு எதுவும் இல்லாததால சமண வீட்டுக்கும் சிக்கலில்லை. இனிப்புக்கு நடுவுல அந்த உப்பு சேர்ந்தது தனி ருசி. "ஆச்சி, இது ரெய்ன்டீர் முறுக்கு"ன்னு ஜூனியர் குதிச்சதுல முப்பத்தஞ்சு கலைமானும் அப்பவே ரெடி.

கொம்பு ஒட்டிக்கிட்டிருக்கும்போது பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா ஏதோ கேட்க வந்தவங்க, வாசல்லயே நின்னுட்டாங்க. பாஷை இல்லாமலே ரெண்டு பேரும் ஆரம்பிச்சிட்டாங்க. அவங்க கையைக் காட்டி உருட்டிக் காட்ட, அம்மா "அப்பிடி இல்ல, மொதல்ல அமுக்கணும்"னு தமிழ்லயே சொல்லி, அவங்க கையைப் பிடிச்சே அமுக்கிக் காட்ட... நான் மொழிபெயர்க்கலாம்னு வாயைத் திறந்தேன். யாருமே என்னைப் பார்க்கலை. மொழிபெயர்ப்பாளர் வேலை போச்சு.

பார்ட்டியில எழுபதும் காலி. அந்தக் குட்டிப் பொண்ணு வந்தா, பழக்க தோஷத்துல என்னை நிமிர்ந்து பார்த்தா. நான் "நஹீ ஹை"ன்னு சொல்றதுக்குள்ள என் பொண்ணே "அண்டா நஹீ, ஜெலட்டின் நஹீ, ப்யாஜ் பி நஹீ"ன்னு கடைக்காரன் மாதிரி ஒப்பிச்சிட்டா. ஒரு கலைமான், ஒரு பனிமனுஷன், ரெண்டு எடுத்துக்கிட்டுப் போனா. கொம்பை மட்டும் முதல்ல கடிச்சா.

அன்னைலேருந்து லிஃப்ட்ல அம்மாவுக்குப் பேர் வந்துடுச்சு. எங்க வீட்டுல ஜூனியர் கூப்பிடறது ஆச்சி. மராத்தியில பாட்டிக்கு ஆஜி. குழந்தைங்க "ஆஜி, ஆஜி"ன்னு கூப்பிட, இவங்க தன்னை ஆச்சின்னுதான் கூப்பிடறாங்கன்னு நினைச்சு "என்ன ராசா"ன்னு பதில் சொல்ல, ஜோரா ஓடிக்கிட்டிருந்தது. விளக்கம் சொல்ல எனக்கு மனசு வரலை.

ஒரு வாரம் கழிச்சு அதே பக்கத்து வீட்டம்மா வந்தாங்க. ஜனவரி 14 சங்கராந்தி. மராத்தி வீடுகள்ல எள்ளும் வெல்லமும் சேர்த்து தில்குள் உருண்டை செஞ்சு வீடு வீடாக் கொடுப்பாங்க. வெல்லப்பாகு சூடா இருக்கும்போதே மளமளன்னு பிடிக்கணும், ஆறினா கல்லு. "ஆஜி வந்தா நல்லா இருக்கும்"னு என்கிட்ட ஹிந்தியில கேட்டாங்க. நான் தமிழ்ல சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் உள்ளே போறப்ப, திரும்பாமலே, "அந்த டிக்கெட்ட பொங்கலுக்குப் பொறவு மாத்தலாமான்னு பாரு. எள்ளுருண்டைக்குப் பாகு பாக்க அவுகளுக்குத் தெரியல போல"ன்னாங்க.

மாத்தினேன். ஜனவரி 20ம் தேதி ஊருக்குப் போனாங்க. பொண்ணு வீட்டுல இருக்கக்கூடாதுங்கற எண்ணம் அவங்களுக்கு மாறிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது அவ்வளவு லேசுல மாறற விஷயம் இல்லை. இப்பவும் தைலத்துக்குக் காசு கொடுக்கறாங்க. ஆனா ரயில் ஏறும்போது கையில ஒன்பது வீட்டு தில்குள் டப்பா இருந்தது. அதுக்குப் பதிலா கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஒன்பது வீட்டுக்கும் பார்சல் வந்தது, ஒவ்வொண்ணுலயும் வீட்டு நம்பர் எழுதி.

கடைசியா, ஊர் வாரியா ஒரு எச்சரிக்கை. புனேல டிசம்பர் காத்து வறண்டது, ராத்திரி பன்னெண்டு டிகிரி பக்கம் போகும். தேங்காயெண்ணெய் பாட்டில்லயே உறைஞ்சு நிக்கும். அதனால முடிஞ்ச கேக் பாப்பை வெளியவே ஒரு ராத்திரி வெச்சோம், ஒண்ணும் ஆகலை. சென்னை, மும்பை, கொச்சி மக்கள்ஸ் கவனம். ஈரக்காத்துல, ஃபிரிட்ஜ்லேருந்து எடுத்த உறை வேர்த்துக் கொட்டும், காய்ஞ்சதும் திட்டுத் திட்டா வெள்ளை பூக்கும். ஃபிரிட்ஜ்ல வெச்சே ஆகணும்னா காத்துப் புகாத டப்பாவுல மூடி வெச்சு, வெளியே எடுத்த பிறகும் டப்பாவைத் திறக்காம அறைச் சூட்டுக்கு வர விட்டு அப்புறம் திறங்க. வேர்க்கறது டப்பாவுக்கு மேல வேர்க்கட்டும். குச்சி இல்லாம செஞ்சா அடுக்கறது சுலபம், ஆனா குழந்தைங்க மன்னிக்க மாட்டாங்க.

அவசரத்துக்குப் படிக்கறவங்களுக்குச் சுருக்கம்: ஓரம் சீவு, சலி, கிரீமைக் குறை, அமுக்கி அப்புறம் உருட்டு, குளிர்ந்ததும் மறுபடி உருட்டு, அஞ்சு நிமிஷம் வெளியே வை, வெதுவெதுப்பா ஒரே முக்கு, பொறுமையாத் தட்டு.

டிஸ்கி: கொம்புக்குக் கடை முறுக்கு போட்டா கலைமான் கோவிச்சுக்கும்னு ஆச்சி சொல்லச் சொன்னாங்க :-)